பிரித்துப் போடும் வேலை

சித்தப்பா அனுப்பிய அந்தச் செய்தியை நான் இன்னும் அழிக்காமல் வைத்திருக்கிறேன். 'ஜப்பான் விஞ்ஞானி நோபல் பரிசு வாங்கிய ரகசியம்' என்று தலைப்பு. பதினாறு மணி நேரம் எதுவும் சாப்பிடாமல் இருந்தால் உடம்பு தன் கழிவைத் தானே தின்றுவிடும், மூளையில் சேர்ந்த அழுக்கெல்லாம் கரைந்துவிடும், பார்க்கின்சன், அல்சைமர் எதுவும் அண்டாது, இதைத்தான் நம் பெரியவர்கள் 'லங்கணம் பரம ஔஷதம்' என்று அன்றே சொல்லிவைத்தார்கள் என்று போகும். கடைசி வரியில் பத்துப் பேருக்கு அனுப்பச் சொல்லியிருக்கும். சித்தப்பா பத்துப் பேருக்கு அனுப்பவில்லை. அப்பா ஒருவருக்குத்தான் அனுப்பினார். அண்ணன் கை நடுங்குவதைப் பார்த்துப் பார்த்து மனசு பொறுக்காமல் அனுப்பியது அது. அவரே இரவுச் சாப்பாட்டைக் குறைத்துச் சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவந்தவர். அவர் மேல் எனக்குக் கோபம் எப்போதும் இருந்ததில்லை. ஆனால் அந்தச் செய்தி என்னை ஒரு வருடத்துக்கு மேல் தூங்கவிடவில்லை.

அப்பாவுக்கு 72 வயது. பார்க்கின்சன் என்று மருத்துவர் பெயர் சொல்லி ஐந்து வருடம் ஆகிறது. நோய் அதற்கும் முன்பே வீட்டுக்குள் வந்து உட்கார்ந்திருந்தது என்பது இப்போது திரும்பிப் பார்த்தால் தெரிகிறது. திண்டுக்கல்லில் சின்னதாக ஓர் அச்சகம் வைத்திருந்தார். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து, கண்ணீர் அஞ்சலி நோட்டீஸ், பில் புக். ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாகக் கோர்த்த காலத்தில் அவரேதான் முதலாளி, அவரேதான் கம்பாசிட்டர். எழுத்துகளைத் துடைக்கும் மண்ணெண்ணெய் வாசனைதான் எனக்கு அப்பாவின் வாசனை. பத்து வருடத்துக்கு முன்னால் ஒருநாள் அடுப்படியில் மண்ணெண்ணெய் டின் கவிழ்ந்து வீடே நாறியபோது அவருக்கு மட்டும் ஒன்றும் தெரியவில்லை. ஜலதோஷம் என்று விட்டுவிட்டோம். தூக்கத்தில் யாரோடோ சண்டை போடுவதுபோலக் கையைக் காலை உதறுவார். அதைக் கனவு என்றோம். கணக்கு நோட்டில் அவர் எழுத்து வரிக்கு வரி பொடியாகிக்கொண்டே போனதைக் கண்பார்வைக் கோளாறு என்று கண்ணாடி மாற்றினோம். நான் பள்ளியில் விலங்கியல் எடுப்பவள். மூன்றும் ஒரே நோயின் முன்னறிவிப்புகள் என்று கை நடுங்கத் தொடங்கிய பிறகுதான் படித்தேன்.

செய்தி வந்த மறுநாளே அப்பா தொடங்கிவிட்டார். மாலை ஆறரைக்கு இரண்டு இட்லி. அப்புறம் மறுநாள் பதினோரு மணிவரை தண்ணீரும் மாத்திரையும்தான். ஒரு வாரத்தில் முகமே மாறியது. "மாத்திரை போட்ட அரை மணியில கை நின்னுடுதும்மா" என்றார். உண்மைதான், நானே பார்த்தேன். முன்பெல்லாம் காலை மாத்திரை வேலை செய்ய ஒன்றரை மணி நேரம் ஆகும். சித்தப்பாவுக்குப் போன் போட்டு இருவரும் சந்தோஷப்பட்டார்கள். காரணம் வேறு என்று எங்களுக்குப் பிறகுதான் புரிந்தது. அப்பா சாப்பிடுவது லெவோடோபா. குடலிலிருந்து ரத்தத்துக்குள் அது போகும் வாசலும், சாப்பாட்டிலுள்ள புரதம் உடைந்து வரும் அமினோ அமிலங்கள் போகும் வாசலும் ஒன்றே. பால் காபியும் வடையும் உள்ளே போயிருந்தால் மாத்திரை வரிசையில் நிற்க வேண்டியதுதான். வயிறு காலியாக இருந்தால் நேரே உள்ளே போய்விடும். சாப்பாட்டுக்கு அரை மணி முன்னால் மாத்திரை போடுங்கள் என்று மருத்துவர் முதல் நாளே சொல்லியிருந்தார். நாங்கள்தான் நாளாக நாளாகக் காபியோடு சேர்த்துக் கொடுக்கப் பழகிவிட்டோம். அதைச் சரிசெய்ததற்கான பலன் முழுவதும் பட்டினியின் கணக்கில் எழுதப்பட்டது.

மூன்றாம் மாதம் வேட்டிக்கு மேல் பெல்ட் போட ஆரம்பித்தார். 62 கிலோ இருந்தவர் 54க்கு வந்திருந்தார். எடை குறைவது நல்லதுதானே என்று அவர் சொன்னபோது நானும் தலையாட்டினேன் என்பதை நினைத்தால் இன்றும் வலிக்கிறது. பார்க்கின்சன் நோயாளிகள் பட்டினி இல்லாமலே இளைத்துக்கொண்டு போவார்கள். உட்கார்ந்து எழுந்தால் ரத்த அழுத்தம் சட்டென்று இறங்குவதும் இந்த நோயில் உண்டு, அதன் மாத்திரையிலும் உண்டு. ஒரு விடியற்காலை பாத்ரூம் போக எழுந்தவர் நிலைப்படியில் அப்படியே சரிந்தார். சத்தம் கேட்டு நான் ஓடிப்போனபோது இடது மணிக்கட்டு வளைந்து கிடந்தது. அவர் அதைப் பார்க்கவில்லை. "பதினோரு மணி ஆகலையே, குளுக்கோஸ் எதுவும் குடுத்துடாதே" என்றார்.

எலும்புக்குக் கட்டுப் போட்ட பிறகு மதுரையில் அவருடைய நரம்பியல் மருத்துவரைப் பார்க்கப் போனோம். நான் பயந்துகொண்டே அந்தச் செய்தியைக் காட்டினேன். திட்டுவார் என்று நினைத்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றி முழுக்கப் படித்தார். பிறகு அப்பாவைப் பார்த்து, "ஐயா, பட்டினி கிடந்தா உடம்பு தன்னைத்தானே சாப்பிடும்ங்கறது நிஜம்தான். எதை முதல்ல சாப்பிடும்னு கேட்டீங்களா?" என்றார். அப்பா பதில் சொல்லவில்லை. மருத்துவர் அப்பாவின் மேல்கையை இரண்டு விரலால் பிடித்துக் காட்டினார். சட்டைக் கை காற்றில் ஆடியது. "கல்லீரல். அப்புறம் இது. மூளையை உடம்பு கடைசி வரைக்கும் காப்பாத்தும். நீங்க எதைக் கழுவ நினைச்சீங்களோ அதுமேல தண்ணியே படலை."

எதை முதலில்?

அந்தக் கேள்வியோடுதான் அன்று பஸ்ஸில் திரும்பினேன். இரவுகளில் படிக்கத் தொடங்கினேன். நோபோரு மிசுஷிமா என்ற ஜப்பானிய ஆய்வாளர் 2004இல் வெளியிட்ட வேலையில் மருத்துவர் சொன்னது அப்படியே இருந்தது. செல் தன்னைத் தின்னத் தொடங்கும்போது உருவாகும் நுண்ணிய பைகள் பச்சையாக ஒளிரும்படி எலிகளை மாற்றியிருந்தார்கள். அவற்றைப் பட்டினி போட்டால் கல்லீரலில், தசையில், இதயத்தில் பச்சைப் புள்ளிகள் பெருகின. மூளையில் அப்படிப் பெருகவில்லை. ஆறு வருடம் கழித்து வேறொரு குழு, எலி மூளையின் நரம்பு செல்களிலும் பட்டினியின்போது இது கூடுகிறது என்று காட்டியது. ஆக விவகாரம் இன்னும் முடியவில்லை. ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. எலிக்கு ஒரு நாள் பட்டினி என்பது நமக்கு ஓர் ஏகாதசி மாதிரி அல்ல. அந்த ஒரே நாளில் அது தன் எடையில் கணிசமான பங்கை இழந்துவிடும். மனித மூளைக்குள் பதினாறு மணி நேரத்தில் என்ன நடக்கிறது என்று எந்தக் கருவியும் இன்றுவரை நேரடியாகப் பார்த்துச் சொன்னதில்லை. செய்தியில் அந்தப் பதினாறு எங்கிருந்து வந்தது என்று தேடிப் பார்த்துக் களைத்துவிட்டேன். நோபல் பரிசுக்குரிய ஆய்வில் அப்படி ஓர் எண்ணே இல்லை.

தற்கொலைப் பைகள்

நான் பதினெட்டு வருடமாக வகுப்பில் கேட்டுவரும் ஒரு மதிப்பெண் கேள்வி உண்டு. செல்லின் தற்கொலைப் பைகள் எனப்படுவது எது? விடை: லைசோசோம். பிள்ளைகள் கண்ணை மூடிக்கொண்டு எழுதுவார்கள். லைசோசோமை 1955இல் கண்டுபிடித்த பெல்ஜியத்துக்காரர் கிறிஸ்டியன் டி டூவ் அந்தப் பெயரைத் தானும் பயன்படுத்தியவர்தான். அமிலமும் செரிமான நொதிகளும் நிறைந்த பை, கிழிந்தால் செல்லுக்கே ஆபத்து என்ற அர்த்தத்தில் வந்த பெயர். 1963இல் அவரேதான் கிரேக்கச் சொற்களைச் சேர்த்து 'ஆட்டோபேஜி' என்ற சொல்லையும் உருவாக்கினார். தன்னைத்தானே உண்ணுதல். இரண்டு பெயரிலும் சாவு வாடை அடிக்கிறது. பிள்ளைகளுக்கு அது மனப்பாடம் ஆகிவிடும், ஆனால் அந்தப் பை ஒவ்வொரு நாளும் என்ன வேலை செய்கிறது என்று கேட்டால் தெரியாது. எனக்கே தெரிந்திருக்கவில்லை. அப்பா விழுந்த பிறகுதான் அந்தப் பாடத்தை முதல் முறையாகப் படித்தேன் என்று சொல்ல வேண்டும்.

சித்தப்பாவின் செய்தியில் வரும் ஜப்பான் விஞ்ஞானி யோஷினோரி ஓசுமி. 1988இல் தன் 43ஆம் வயதில் டோக்கியோ பல்கலைக்கழகத்தில் சொந்தமாக ஒரு சிறிய ஆய்வகம் தொடங்கியவர். போட்டி போடுவதில் ஆர்வமில்லாதவர், அதனால் கூட்டம் இல்லாத இடமாகத் தேடிப் போனவர். ரொட்டிக்குப் போடும் ஈஸ்ட்டில் வேக்குவோல் என்று ஓர் அறை உண்டு. நம் செல்லில் லைசோசோம் மாதிரி அங்கே அது. குப்பைக் குழி என்று மற்றவர்கள் ஒதுக்கியதை அவர் எடுத்துக்கொண்டார். ஈஸ்ட் மிகச் சிறியது. அதற்குள் ஆட்டோபேஜி நடக்கிறதா என்றே அப்போது தெரியாது. நடந்தாலும் பைகள் உள்ளே போன வேகத்தில் கரைந்துவிடும், கண்ணில் சிக்காது. ஓசுமி ஒரு காரியம் செய்தார். வேக்குவோலுக்குள் செரிமான நொதிகள் இல்லாத ஈஸ்ட்டை எடுத்துப் பட்டினி போட்டார். சில மணி நேரத்தில் வேக்குவோல் முழுக்கச் சின்னச் சின்ன உருண்டைகள் நிரம்பி, உள்ளுக்குள் அசைந்துகொண்டிருந்தன. சாதாரண ஒளி நுண்ணோக்கியிலேயே தெரிந்தது. 1992இல் அதை வெளியிட்டார். மறுவருடம் அந்த உருண்டைகள் உருவாகத் தேவையான 15 மரபணுக்களை அடையாளம் காட்டினார். ஏறக்குறைய அதே மரபணுக்கள் மனிதர்களிடமும் இருப்பது பின்னால் தெரிந்தது. 2016இல் நோபல், அதுவும் வேறு யாரோடும் பங்கில்லாமல்.

இந்தச் சோதனையை நான் பத்து முறையாவது திரும்பத் திரும்பப் படித்திருப்பேன். ஏதோ ஒன்று இடறிக்கொண்டே இருந்தது. பட்டினி அங்கே வேலையைத் தொடங்கிவைத்தது, அது சரி. ஆனால் ஓசுமியின் கண்ணுக்குத் தெரிந்தது எது? சுத்தம் நடப்பது அவருக்குத் தெரியவில்லை. அது பாதியில் நின்றுபோனபோதுதான் தெரிந்தது. எடுத்துக்கொண்டு வந்த பைகளெல்லாம் கரைக்க ஆளில்லாமல் உள்ளே குவிந்து கிடந்தன. அந்தக் குவியலை எங்கோ பார்த்திருக்கிறோமே என்று தோன்றிக்கொண்டே இருந்தது. பார்த்திருக்கிறேன்தான். எங்கள் அச்சகத்தில்.

வைகாசி மாதத்து அச்சகம்

ஈய எழுத்தில் அச்சடித்தவர்களுக்கு ஒரு விஷயம் தெரியும். கோர்ப்பது பாதி வேலை, பிரிப்பது மீதி வேலை. மரத்தட்டில் ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு குழி. அப்பா அதை 'வீடு' என்பார். வீட்டிலிருந்து எழுத்துகளை எடுத்துக் கம்போசிங் ஸ்டிக்கில் கோர்த்து, வரிவரியாக அடுக்கி, நூலால் கட்டி, ட்ரெடில் என்ற கால்மிதி அச்சு இயந்திரத்தில் ஏற்றி அடித்து முடித்தாயிற்று. அப்புறம் அந்தக் கட்டை மண்ணெண்ணெய் விட்டுத் துடைத்து, நூலை அவிழ்த்து, ஒவ்வோர் எழுத்தாக அதனதன் வீட்டில் திரும்பப் போட வேண்டும். அந்த வேலைக்கு யாரும் காசு கொடுக்க மாட்டார்கள். ஆனால் அது நடக்காவிட்டால் மறுநாள் பத்திரிகை கிடையாது. புது எழுத்து வாங்குகிற வசதி எந்தச் சின்ன அச்சகத்துக்கும் இருந்ததில்லை. வைகாசி முகூர்த்தங்களில் வேலை மேல் வேலை வரும். பிரிக்க நேரம் இருக்காது. கட்டிய கட்டுகள் மேசை மேல், மேசைக்கு அடியில், ஜன்னல் திண்டில் என்று ஏறிக்கொண்டே போகும். ஒரு கட்டத்தில் 'ச' வீடு காலியாகிவிடும். திருவளர்ச்செல்வன், திருவளர்ச்செல்வி, சாப்பாட்டு நேரம், சத்திரம் எல்லாம் அப்படியே நிற்கும். அறை முழுக்க எழுத்து, ஆனால் கோர்க்க எழுத்தில்லை. அன்று இரவு அப்பா பெட்ரோமாக்ஸ் வைத்துக்கொண்டு விடியவிடியப் பிரிப்பார். நானும் பக்கத்தில் உட்கார்ந்து ல வேறு, வ வேறு என்று பிரித்திருக்கிறேன்.

செல்லுக்குள் நடப்பது இதுதான். இருபது அமினோ அமிலங்கள்தான் அதனுடைய எழுத்துகள். அவற்றைக் கோர்த்துப் புரதம் செய்கிறது. புரதம் தேய்கிறது, கோணலாக மடிகிறது, ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கிறது. அப்போது ஒரு மெல்லிய சவ்வு எங்கிருந்தோ வளர்ந்து வந்து, பழுதானதைச் சுற்றி மூடிப் பையாகிறது. பை நகர்ந்துபோய் லைசோசோமோடு கலக்கிறது. அங்கே அமிலமும் நொதியும் சேர்ந்து எழுத்து எழுத்தாகப் பிரித்துப் போடுகின்றன. பிரித்த எழுத்து மறுபடி வேலைக்கு வருகிறது. தோல் செல், குடல் செல்லெல்லாம் இரண்டாகப் பிரிந்து புதுசாவதால் அவற்றில் தேங்கியது பங்குபோட்டுக் குறையும். நரம்பு செல்லுக்கு அந்த வழி இல்லை. பிறந்தபோது வந்ததை வைத்துக்கொண்டு எழுபது எண்பது வருடம் ஓட்ட வேண்டும். அப்பாவின் நோயில் சாகும் செல்கள் நடுமூளையில் கருமைத் திட்டு என்ற இடத்தில் இருப்பவை. அவற்றில் ஒரே ஒரு செல்லின் கிளைகளை நீட்டி அளந்தால் நான்கு மீட்டருக்கு மேல் வரும், அதிலிருந்து பத்து லட்சத்துக்கும் மேல் இணைப்புகள் போகின்றன என்று கணக்கிட்டிருக்கிறார்கள். கிளையின் நுனியில் உருவாகும் பை அந்தக் கிளைகள் வழியே நடந்து செல்லின் உடலுக்கு வந்துதான் கரைய வேண்டும். மூளையில் எத்தனையோ செல்கள் இருக்க இவை மட்டும் ஏன் முதலில் விழுகின்றன என்று நான் அழுதுகொண்டே கேட்ட கேள்விக்கு இது ஒரு பாதி பதில்.

இந்த வேலை நின்றால் மட்டுமே போதும், நோய்க்கு வேறு காரணமே வேண்டாம் என்பதை 2006இல் ஜப்பானிலிருந்து ஒரே சமயத்தில் வந்த இரண்டு ஆய்வுகள் காட்டின. ஒரு குழு எலியின் நரம்பு செல்களில் மட்டும் ஏடிஜி5 என்ற மரபணுவை நீக்கியது, இன்னொரு குழு ஏடிஜி7ஐ. இரண்டும் ஓசுமி ஈஸ்ட்டில் பிடித்த மரபணுக்களின் உறவினர்கள்தான். அந்த எலிகளுக்கு எந்தக் கெட்ட புரதத்தையும் புகுத்தவில்லை. பரம்பரைக் கோளாறு எதுவும் வைக்கவில்லை. பிரித்துப் போடும் வேலையை மட்டும் நிறுத்தினார்கள். அவ்வளவுதான், நடை தடுமாறியது, பிடி தளர்ந்தது, நரம்பு செல்களுக்குள் புரதக் கட்டிகள் சேர்ந்தன. ஏடிஜி7 இல்லாத எலிகள் 28 வாரத்துக்குள் இறந்தன. பட்டினி போட்ட எலிகள் அல்ல அவை. நன்றாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தவை. நரம்பு செல்லில் இந்த வேலை பசிக்காகக் காத்திருப்பதில்லை, வயிறு நிறைந்த நாளிலும் ராப்பகலாக நடந்துகொண்டே இருக்கிறது என்பதை அந்த எலிகள்தான் எனக்குச் சொல்லிக்கொடுத்தன.

அப்புறம் அந்தக் குவியல். அமெரிக்காவில் ரால்ஃப் நிக்சனின் குழு 2005இல் அல்சைமர் நோயாளிகளின் மூளைத் திசுவை எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தது. வீங்கிப்போன நரம்பிழைகளுக்குள் பைகள் பைகளாக அடைத்துக்கொண்டு கிடந்தன. பாதி கரைந்தும் கரையாமலும். அந்த விவரத்தைப் படித்த இரவு நான் எழுந்துபோய் அப்பாவின் கட்டிலருகே நின்றேன். ஓசுமி நொதியை எடுத்துவிட்டுப் பார்த்த காட்சியும் இதுவும் ஒன்றுபோலவே இருக்கின்றன. இங்கே சேகரிப்பு நின்றுபோகவில்லை. கரைப்பதில்தான் அடைப்பு. பார்க்கின்சனிலும் அதே பக்கம்தான் விரல் நீள்கிறது. லைசோசோமுக்குள் வேலை செய்யும் ஒரு நொதிக்கான மரபணு ஜிபிஏ. பெற்றோர் இருவரிடமிருந்தும் அது பழுதாக வந்தால் கோஷே என்ற அரிய நோய். ஒருவரிடமிருந்து மட்டும் வந்தால் ஒன்றும் ஆகாது என்று நினைத்திருந்தார்கள். கோஷே நோயாளிகளைப் பார்த்துவந்த மருத்துவர்கள், அவர்களுடைய உறவினர்கள் சிலருக்கும் பார்க்கின்சன் வருவதைக் கவனித்தார்கள். 2009இல் பல நாட்டு மையங்கள் சேர்ந்து பார்த்தபோது, சாதாரண மக்களைவிடப் பார்க்கின்சன் நோயாளிகளிடம் அந்த மரபணு மாற்றம் இருக்கும் வாய்ப்பு ஐந்து மடங்குக்கும் மேல் என்று தெரிந்தது. நொதி குறைந்தால் ஆல்பா சினூக்ளின் என்ற புரதம் தேங்குகிறது. தேங்கிய புரதம் அந்த நொதி லைசோசோமுக்குப் போய்ச் சேருவதையே தடுக்கிறது. அடைப்பு தன்னைத்தானே பெரிதாக்கிக்கொள்கிறது.

பழுதானதை எடுத்துச் சேர்க்கும் முன்பக்கத்திலும் கோளாறு வரலாம், அதை மறைக்கக் கூடாது. இளவயதுப் பார்க்கின்சன் குடும்பங்களில் ஜப்பானியர்கள் 1998இல் பார்க்கின் என்ற மரபணுவைக் கண்டார்கள். பத்து வருடம் கழித்து அதன் வேலை தெரிந்தது. செல்லுக்குச் சக்தி தரும் மைட்டோகாண்டிரியா பழுதானால் அதன் மேல் போய் ஒட்டிக்கொண்டு 'இதை எடுத்துப் போ' என்று சீட்டு ஒட்டுவது அது. அந்தச் சீட்டு இல்லாதவர்களுக்கு எடுப்பதே நடக்காது. ஒரே நோய், ஆனால் ஒருவருக்கு எடுப்பதில் குறை, இன்னொருவருக்குக் கரைப்பதில் குறை. கரைக்கும் அறை அடைத்திருக்கும் ஒருவரிடம் போய் இன்னும் நிறையப் பைகளைக் கட்டி அனுப்பு என்று சொல்வது, வைகாசி மாதத்தில் எங்கள் அச்சகத்துக்குள் இன்னும் இருபது கட்டுகளைக் கொண்டுவந்து இறக்குவது மாதிரி. இதுதான் நான் சித்தப்பாவிடம் சொல்ல நினைத்தும் போனில் சொல்ல வராமல் போன விஷயம்.

வயது என்பதற்கும் இதில் பங்கு இருக்கிறது. முதியவர்களின் நரம்பு செல்களில் பழுப்பாக ஒரு கசடு படிந்திருக்கும். லிபோஃபஸின் என்று பெயர். லைசோசோமால் கரைக்க முடியாமல் அதற்குள்ளேயே தங்கிவிட்ட மிச்சம். 19ஆம் நூற்றாண்டிலேயே நுண்ணோக்கியில் பார்த்திருக்கிறார்கள், கிழட்டு நிறமி என்று கடந்துபோய்விட்டார்கள். லைசோசோமின் சுவரில் சில புரதங்களை நேரடியாக உள்ளே இழுக்கும் வாசல் ஒன்று உண்டு. வயதாக ஆக அந்த வாசல்கள் குறைகின்றன. நியூயார்க்கில் ஆனா மரியா குயெர்வோவின் ஆய்வகம் 2008இல் முதிய எலிகளின் கல்லீரலில் அந்த வாசல்கள் குறையாமல் பார்த்துக்கொண்டது. கல்லீரல் இளம் எலியுடையதைப் போல வேலை செய்தது. கல்லீரலில்தான். ஆனாலும் எனக்கு அதைப் படித்தபோது ஏதோ ஒரு ஜன்னல் திறந்த மாதிரி இருந்தது. முதுமை என்றால் தேய்வு, தேய்ந்தால் தேய்ந்ததுதான் என்று நினைத்திருந்தேன். அந்தத் தேய்வில் ஒரு பகுதி பிரிக்கப்படாத கட்டு.

மருந்துக்காக

இந்த வேலையைக் கூட்டும் மருந்து இருக்கிறதா என்றால், இருக்கிறது. 1964இல் பசிபிக் நடுவே ஈஸ்டர் தீவுக்குப் போன ஒரு கனடா மருத்துவக் குழு அள்ளிவந்த மண்ணில் கிடைத்த பாக்டீரியாவிலிருந்து வந்தது அது. தீவின் உள்ளூர்ப் பெயரான ராபா நூயியைச் சேர்த்து ராபமைசின் என்று பெயர். இன்றைய பாகிஸ்தானில் உள்ள ஒரு கிராமத்தில் பிறந்து கனடா போன சுரேன் சேகல் அதைப் பிரித்தெடுத்தார். 1980களில் நிறுவனம் மான்ட்ரியல் ஆய்வகத்தை மூடியபோது, அவர் அந்தக் கிருமியைத் தன் வீட்டு ஃப்ரீசரில் வைத்துக் காப்பாற்றினார். அது 1999இல் சிறுநீரக மாற்றத்துக்கான மருந்தாக அங்கீகாரம் பெற்றது. கேம்பிரிட்ஜில் டேவிட் ரூபின்ஸ்டைனின் குழு 2004இல் ஹன்டிங்டன் என்ற பரம்பரை மூளை நோய் வைத்த ஈக்களிலும் எலிகளிலும் கொடுத்துப் பார்த்தபோது கேடு குறைந்தது. 2009இல் 600 நாள் வயதான எலிகளுக்கு, அதாவது நம் அறுபது வயது மாதிரி, கொடுத்தபோது ஆயுள் பெண் எலிகளுக்கு 14 சதவீதமும் ஆண் எலிகளுக்கு 9 சதவீதமும் நீண்டது. ஆனால் இது நோய் எதிர்ப்பை அடக்கும் மருந்து. மாற்றுச் சிறுநீரகத்தை உடம்பு தள்ளிவிடாமல் இருக்கக் கொடுப்பது. 72 வயதில், கட்டுப் போட்ட கையோடு இருப்பவருக்கு இதை நான் கேட்க மாட்டேன்.

கரைக்கும் பக்கத்தைச் சரிசெய்யப் பார்ப்பவர்களும் இருக்கிறார்கள். அதில் எனக்கு நம்பிக்கை அதிகம். நாம் சளிக்குக் குடிக்கும் சிரப்பில் இருக்கும் அம்ப்ராக்சால், அந்த ஜிபிஏ நொதியைத் தாங்கிப் பிடித்து லைசோசோம்வரை கொண்டுசேர்க்கிறது. லண்டனில் பார்க்கின்சன் உள்ள 17 பேருக்குக் கொடுத்து, மருந்து மூளையைச் சுற்றியுள்ள திரவம்வரை போகிறது என்று 2020இல் வெளியிட்டார்கள். இப்போது பெரிய அளவில் சோதனை நடக்கிறது. நாளுக்கு 1.26 கிராம் கொடுத்துப் பார்க்கிறார்கள், சளி மருந்தின் அளவைப் போலப் பல மடங்கு. நோயை அது நிறுத்துமா என்பதற்கு இனிமேல்தான் பதில் வர வேண்டும். இதைப் படித்துவிட்டு யாரும் மருந்துக்கடையில் பாட்டில் பாட்டிலாக வாங்கிவிடாதீர்கள். அப்பாவிடம் இதைச் சொன்னபோது நான் முதலில் சொன்னதும் இந்த வாக்கியம்தான்.

சித்தப்பாவை நேரில் பார்த்துத்தான் பேசினேன். கட்டு, நூல், வீடு என்று அச்சகத்து வார்த்தையில் சொன்னேன். அவரும் சின்ன வயதில் அங்கே ட்ரெடில் மிதித்தவர்தான். முழுக்கக் கேட்டுவிட்டு, "அப்ப நான்தான் அண்ணனைக் கீழே தள்ளிட்டேனாம்மா?" என்றார். இல்லை சித்தப்பா என்று சொல்ல எனக்கு நேரமானது, ஏனென்றால் தொண்டை அடைத்துக்கொண்டது. உங்கள் சர்க்கரைக்கு உங்கள் முறை சரி, மருத்துவரைக் கேட்டுச் செய்யுங்கள், அப்பாவின் உடம்பு வேறு என்றேன். இப்போது அவர் வாராவாரம் வந்து அப்பாவைக் காலையில் நடக்கக் கூட்டிப்போகிறார். மாத்திரை சாப்பாட்டுக்கு அரை மணி முன்னால். பருப்பும் முட்டையும் பெரும்பாலும் இரவில். எடை 59க்கு ஏறியிருக்கிறது. நடுக்கம் இருக்கிறது, போகவில்லை.

இந்த வருடம் லைசோசோம் பாடம் வந்தபோது அப்பாவிடம் ஓர் உதவி கேட்டேன். ஆஃப்செட் வந்ததும் எழுத்துகளையெல்லாம் காயலான் கடையில் எடைக்குப் போட்டுவிட்டார். ஒரு தட்டும் ஒரு கம்போசிங் ஸ்டிக்கும் மட்டும் பரணில் கிடந்தன. ஒரு வரி கோர்த்துத் தாருங்கள் என்றேன். என்ன வரி என்று கேட்கவில்லை. மாத்திரை வேலை செய்யும் நேரமாகப் பார்த்து உட்கார்ந்தார். இரண்டு மணி நேரம் ஆனது. 'நிகழும் மங்களகரமான' என்று கோர்த்திருந்தார், விரலுக்குத் தெரிந்த வரி அது. அதை வகுப்புக்குக் கொண்டுபோய், பரீட்சைக்குத் தற்கொலைப் பைகள் என்றே எழுதுங்கள், ஆனால் அது செய்யும் வேலை இதுதான் என்று சொல்லிப் பிள்ளைகளைப் பிரிக்கச் சொன்னேன். கடைசி பெஞ்சுப் பெண் ஒருத்தி எழுத்தைத் தலைகீழாகப் பிடித்து, "டீச்சர், எதுக்கு டீச்சர் பிரிக்கணும், அப்படியே வச்சுக்கலாமே?" என்றாள். அடுத்த வரிக்கு என்ன செய்வாய் என்று கேட்டேன். அவள் தட்டைப் பார்த்தாள். 'ங்' குழி காலியாக இருந்தது.

மாலையில் தட்டைத் திருப்பிக் கொண்டுவந்தபோது பாதி எழுத்துகள் வீடு மாறிக் கிடந்தன. அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்தார். ஒவ்வொன்றாக எடுத்து, வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, நடுங்கும் கையை மற்றொரு கையால் பிடித்துக்கொண்டு, போட்டார். சில சமயம் எழுத்து தட்டுக்கு வெளியே விழுந்தது. சித்தப்பா குனிந்து எடுத்துக் கொடுத்தார். ஏழு மணிக்கு மாத்திரை அலாரம் அடித்தது. நான் தண்ணீரோடு போய் நின்றேன். "வை, இன்னும் நாலு எழுத்துதான்" என்றார்.